நன்னடத்தைச் சலுகை

அம்மா ஜெராக்ஸ் எடுக்கத்தானே போயிருக்கிறார்கள்? வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். பைபாஸைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். கடைக்காரர் முதலில் கரன்ட் இல்லை என்பார், அப்புறம் இருக்கிறது என்பார். நீ உட்கார். அந்த நாற்காலியிலேயே உட்கார். பரவாயில்லை, கை வைத்த நாற்காலி இங்கே அது ஒன்றுதான். பதினொரு மணி வரைக்கும் யாருக்கும் வேண்டியதில்லை.

என் பெயர் கோகிலவாணி. வாணி என்பார்கள். இங்கே ஆபீஸில் இருக்கிறேன். விண்ணப்பம் கொடுப்பேன், வாங்குவேன், சரிபார்ப்பேன். உன்னுடையது சரியாக இருக்கிறது. வலது மூலையில் மட்டும் பென்சிலால் ஒரு வார்த்தை எழுத வேண்டும். அது ஆபீஸ் விஷயம், அப்புறம் சொல்கிறேன்.

நானும் இங்கேயே படித்தவள்தான். நான்கு வருஷம். அப்போதும் வாசலில் அந்த நல்வரவு வளைவு இருந்தது. கல்யாண மண்டபமாக இருந்ததைத்தான் கரஸ்பாண்டென்ட் சார் வாங்கி ஓவியக் கல்லூரி ஆக்கினார். நாம் உட்கார்ந்திருப்பது சாப்பாட்டுக் கூடம். ஆபீஸ், மணமகள் அறை. சமையற்கட்டில் களிமண் பிசைகிறோம். முகூர்த்த நாட்களில் இன்னும் யாராவது மொய்க் கவரோடு உள்ளே வந்துவிடுவார்கள். போன தை மாதம் ஒருவர் பந்தி எப்போது என்று கேட்டார். சிரிக்கலாம், பரவாயில்லை.

காலையில் உனக்கு வைத்த பரீட்சைதான் எனக்கும் வைத்தார்கள். பார்த்து வரைய அதே பானை, இரண்டு வெங்காயம், ஒரு துணி. வெங்காயம் மட்டும் வேறு. நான் பானையை மட்டும் முடித்தேன். வெங்காயம் வெறும் உருண்டையாக நின்றுவிட்டது. துணிக்கு நேரம் வரவில்லை. பிறகு அப்பாவையும் என்னையும் சார் உள்ளே கூப்பிட்டார். அப்பா நாமக்கல் பக்கம் கோழித்தீவன மில்லில் எடை போடுகிறவர். சாருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. இரண்டு பேரும் மக்காச்சோளத்தைப் பற்றியே நாற்பது நிமிஷம் பேசினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். வேறு என்ன செய்வது? இருந்தேன்.

பேச்சு முடிந்ததும் சார் என்னைப் பார்த்தார். அப்பாவிடம், "ஏனுங்க, உங்க பொண்ணு மூச்சு விடுதுங்களா?" என்றார்.

"அது அப்படித்தானுங்க. வச்ச எடத்துல இருக்கும்" என்றார் அப்பா.

சார் அறைக்கு வெளியே நின்ற எபனேசர் சாரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். எபனேசர் சார்தான் உருவப்படம் சொல்லிக்கொடுக்கிறவர். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சார் அப்பாவிடம், "பாதி ஃபீஸ் கட்டுங்க, போதும். நன்னடத்தைச் சலுகைல போட்டுக்கறேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "பானை நல்லா வந்துச்சாட்ட இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகு என் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பானைக்கு மார்க் போட்டிருக்கவில்லை. விண்ணப்பத்தின் வலது மூலையில் பென்சிலால் 'அசையாது' என்று எழுதியிருந்தது. மார்க்கை வேறு எங்காவது குறித்திருப்பார்கள். அந்த வருஷத்து நோட்டில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

சலுகை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று உன் அம்மா கேட்டார்களே, அதைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

உருவப்படம் வரைய எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும். எனக்கு முன்னால் ராக்கியப்பன் என்று ஒரு தாத்தா பஸ் ஸ்டாண்டிலிருந்து வருவார். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். தலை சாயும். திங்கட்கிழமை தாடியோடு வருவார், புதன்கிழமை மழித்துக்கொண்டு வருவார். பாதிப் பேர் படத்தில் தாடி இருக்கும், பாதிப் பேர் படத்தில் இருக்காது. அவருக்குப் பதிலாக ஒரு வாரம் மட்டும் நீ உட்காரு என்றார் எபனேசர் சார். உட்கார்ந்தேன்.

நாற்காலியின் நான்கு காலையும் என் இரண்டு பாதத்தையும் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டார். இடைவேளைக்கு எழுந்து போனாலும் திரும்பி வந்து அதே கோட்டுக்குள் காலை வைத்துவிட்டால் முகம் அதே இடத்துக்கு வந்துவிடும். கூட்டிப் பெருக்கினால் சாக்பீஸ் அழிகிறது என்று இரண்டாம் வருஷம் மஞ்சள் எனாமல் பெயின்டால் போட்டுவிட்டார். இதோ, நீ கால் வைத்திருக்கிறாயே, அதுதான். இல்லை இல்லை, எடுக்க வேண்டாம். இருக்கட்டும்.

மற்றவர்கள் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள். நான் ஐம்பது நிமிஷம் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எதையாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் அந்த ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பேன். ஏழு ஸ்விட்ச். மூன்றாவது உடைந்தது. இருபது நிமிஷத்தில் கால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். அப்புறம் எறும்பு. அப்புறம் கால் இருப்பதே தெரியாது. அதற்குப் பிறகு சுலபம்.

வகுப்பில் என்னைத் தவிர பதினான்கு பேர். நல்ல பிள்ளைகள். "வாணி, கண்ணை இமைக்காத, புருவம் மாறுது" என்பான் ஒருவன். "வாணி, நேத்து சோறு தின்னியா? கன்னம் உப்பிருக்கு" என்பாள் இன்னொருத்தி. நவநீதன் என்று ஒருவன். அவன்தான் நன்றாக வரைவான். அவன் எதுவும் பேச மாட்டான். படத்தை முடித்த பிறகு பக்கத்தில் வந்து, "கால் மரத்துப்போச்சா?" என்று கேட்பான். அவன் ஒருவன்தான் கேட்பான்.

நான் பேசாமல் இருந்ததால் எல்லாமே காதில் விழும். யார் யாரோடு பேசவில்லை, யார் விடுதியில் அரிசி களவாடிக் கஞ்சி வைத்தார்கள், எல்லாம் தெரியும். எபனேசர் சார் ஒவ்வொருத்தரிடமும் போய்த் திருத்தம் சொல்வதையும் கேட்பேன். "கண்ணைக் கொண்டுபோய் நெத்தியில வைக்காத. மண்டைக்கு நடுவுல வரணும்." "காது எங்க ஆரம்பிக்குது? புருவத்தைப் பாரு." பதினான்கு பேருக்கும் தனித்தனியாகச் சொல்வார். ஒவ்வொருத்தருக்கும் ஒருமுறைதான் சொல்வார். நான் பதினான்கு முறை கேட்டேன். அந்த வகையில் எனக்குத்தான் லாபம்.

என் முகம் எங்கெங்கோ போயிருக்கிறது தெரியுமா? கரூரில் ஒரு ஜவுளிக்கடை காலண்டரில் நான் இருக்கிறேன். ஒரு மாதா படம் நான்தான். மோகனூர் பக்கம் ஒரு கோயில் சுவரில் நவநீதன் மாரியம்மன் வரைந்தான். என் முகம்தான். என் அம்மா அந்த வழியாகப் போனபோது நின்று கும்பிட்டு, சூடம் ஏற்றிவிட்டு வந்தாள். நான் சொன்ன பிறகு, "மூக்குத்தி போட்டிருந்துச்சா, எனக்கு அடையாளமே தெரியல" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அசையாமல் இருந்தேன். பழக்கம்.

நீங்கள் வரையவே இல்லையா என்றுதானே கேட்க வருகிறாய்?

ஒரு பருவத்துக்குப் பத்து உருவப்படம் ரெக்கார்டு வைக்க வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன், எப்படி வரைவேன்? எபனேசர் சாரிடம் கேட்டேன். "பசங்க வேண்டாம்னு போட்டதுல நல்லதா பத்து எடுத்து வெச்சுக்கோ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். எடுத்து வைத்தேன். எல்லாம் என் படம்தானே. நல்லதாகத்தான் பொறுக்கினேன். ஏழு பருவமும் நல்ல மார்க்.

கடைசிப் பருவத்தில்தான் தன்னுருவம் என்று ஒரு பேப்பர். தன்னைத் தானே கண்ணாடியில் பார்த்து வரைய வேண்டும். போட்டோ பார்க்கக் கூடாது. அதற்கு மட்டும் ஒரு மாதம் எனக்கு நாற்காலியிலிருந்து விடுப்பு கொடுத்தார்கள்.

விடுதியில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பார்த்தேன். சொன்னால் நீ சிரிப்பாய். அது நான் மாதிரியே இல்லை.

என் வலது கன்னத்தில் இந்த மச்சம் இருக்கிறதல்லவா, எதிரே உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு இது தாளின் இடது பக்கம் விழும். நான்கு வருஷமாக நான் பார்த்த என் படங்கள் எல்லாவற்றிலும் இடது பக்கம்தான் மச்சம். கண்ணாடியில் வலது பக்கம் இருந்தது. மூக்கு வேறு பக்கம் சாய்ந்திருந்தது. யாரோ ஒருத்தி என் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு நாள் முயற்சி செய்தேன். மூன்றாம் நாள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு வரைந்தேன்.

பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண் எங்கே, காது எங்கே, எல்லாம் தெரியும். எபனேசர் சார் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. கரித்துண்டு தானாகப் போனது. ஒன்பது நாளில் முடித்தேன். அறையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்த நேரம். யாரும் பார்க்கவில்லை. நன்றாக வந்திருந்தது. நானே சொல்லக் கூடாது. ஆனாலும் நன்றாக வந்திருந்தது.

வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் பரீட்சைக்கு எக்ஸ்டெர்னலாக வந்தார்கள். மெதுவாகப் பேசுகிறவர்கள். இந்தக் கூடத்தில்தான் எல்லோர் படத்தையும் மாட்டியிருந்தோம். என் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள்.

"நல்லாருக்கு. யாரு வரைஞ்சது?"

"நான்தாங்க மேடம்."

"கண்ணாடி பார்த்தா?"

"ஆமாங்க மேடம்."

அது ஒன்றுதான் நான் சொன்ன பொய்.

மேடம் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். "மச்சம் இதுல எந்தப் பக்கம் தெரியுது? படத்துல எந்தப் பக்கம் இருக்கு?"

நான் பார்த்தேன்.

"இது எதிர்ல உட்கார்ந்தவங்க பார்த்த முகம்மா. நீ பார்த்த முகம் இல்ல" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் என் ரெக்கார்டை வாங்கிப் புரட்டினார்கள். பத்துப் படம், பத்தும் வேறு வேறு கை. யார் பார்த்தாலும் தெரியும். எபனேசர் சாரைப் பார்த்து, "சார், இந்தப் பொண்ணு வரைஞ்சு நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

எபனேசர் சார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். இந்த மஞ்சள் கோட்டைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "பார்த்ததில்லைங்க" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

கரஸ்பாண்டென்ட் சார் விட்டுக்கொடுக்கவில்லை. "மேடம், ரொம்ப நல்ல பொண்ணுங்க. நாலு வருஷமும் நன்னடத்தைச் சலுகை வாங்கின பொண்ணுங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மேடம் யோசித்தார்கள். புதுத் தாள் ஒன்றைப் பலகையில் குத்தினார்கள். கரித்துண்டை என் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியை மேஜை மேல் நிறுத்தினார்கள். "சரி. இப்ப வரை. முழுசா வேண்டாம். கண்ணு, மூக்கு போதும். பத்து நிமிஷம் தர்றேன். நீ வரையிறவன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்."

நல்லவர்கள், பார்த்தாயா? வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

உட்கார்ந்தேன். பதினான்கு பேரும் அரைவட்டமாக நின்றார்கள். எபனேசர் சார், கரஸ்பாண்டென்ட் சார், மேடம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் அசையவில்லை.

பயம் என்று நினைக்காதே. பயமே இல்லை. கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. கரித்துண்டு விரலில் இருந்தது. தாள் ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. ஆனால் அத்தனை பேர் என்னைப் பார்க்கும்போது அசைந்தால் யாருக்கோ முகம் மாறிவிடுமே என்று இருந்தது. கண் தானாக ஸ்விட்ச் போர்டுக்குப் போய்விட்டது. ஏழு ஸ்விட்ச். மூன்றாவது உடைந்தது. ஊசி வந்தது, எறும்பு வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை.

பத்து நிமிஷம் ஆனதும் மேடம் பேனாவை மூடினார்கள். "எழுந்திரும்மா" என்றார்கள். நான் இடைவேளை என்று நினைத்து எழுந்தேன்.

வாசலில் நவநீதன் நின்றான். கண் சிவந்திருந்தது. "ஏன் வாணி, ஒரு கோடு, ஒரே ஒரு கோடு போட்டிருக்கலாமில்ல?"

"நீங்கள்லாம் பார்த்துட்டிருந்தீங்க" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எல்லோரும் அவன்தான் எனக்கு வரைந்து கொடுத்தான் என்று பேசிக்கொண்டார்கள். அவனைக்கூட விசாரித்தார்கள். இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது.

எனக்கு அந்த ஒரு பேப்பர் நின்றுவிட்டது. இடது, வலது. வேறு ஒன்றும் இல்லை. படம் இங்கேதான், ஆபீஸ் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பேப்பர் தேறினால்தான் பட்டம் தருவார்கள். அதுவரைக்கும் இங்கேயே இரு, காலையில் ஆபீஸைப் பார்த்துக்கொள், பதினொரு மணிக்கு மேல் நாற்காலிக்கு வா என்று சார் சொன்னார். மூன்று வருஷம் ஆகிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, "பேப்பர் வந்துச்சா?" என்பார். "வந்துரும்ப்பா" என்பேன். பிறகு மக்காச்சோளம் பற்றிப் பேசுவார்.

வருகிற ஏப்ரல்தான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் எழுத முடியாது. சாரிடம் சொன்னேன், வரைந்து பழக எனக்குப் பகலில் நேரம் வேண்டும் என்று. "நாற்காலிக்கு ஒரு ஆளைப் பார்த்துக் கொடுத்துட்டு நீ வரையப் போ அம்முணி. நான் வேண்டாம்னா சொல்றேன்? அட்மிஷனுக்கு வர்ற புள்ளைகள்ல நீயே பாரு. உனக்குத் தெரியாததா?" என்றார். நியாயம்தான். அதிலிருந்து நான்தான் பார்க்கிறேன். வருகிற பிள்ளைகளை இந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பேன். தாங்குமென்று தெரிந்தால் மூலையில் பென்சிலால் எழுத வேண்டும். இதுவரை பதினொரு பேரைப் பார்த்துவிட்டேன். யாரும் ஐந்து நிமிஷம் தாண்டவில்லை. ஒருத்தி செல்போனை எடுத்தாள், ஒருத்தி என் கொலுசு எங்கே வாங்கியது என்று கேட்டுக் குனிந்தே பார்த்துவிட்டாள்.

நீ வந்து உட்கார்ந்து இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. ஒரு கால் மாற்றி வைக்கவில்லை.

உன் வெங்காயத்தைப் பார்த்தேன். காய்ந்த தோல் ஒரு பக்கம் உரிந்து நின்றதே, அதைக்கூட விடாமல் போட்டிருக்கிறாய். அது விழப்போகிற மாதிரி இருந்தது. துணியும் முடித்திருக்கிறாய்.

இரு. புல்லட் சத்தம் கேட்கிறதா? சார்தான். கூப்பிடுகிறார். இதோ வந்துவிடுகிறேன். நீ அப்படியே இரு.

வந்துவிட்டேன். உன்னைப் பற்றித்தான் கேட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். "அந்தப் புள்ள தாங்குமாட்ட இருக்குதே?" என்றார்.

"இல்லைங்க சார். அசைஞ்சுகிட்டே இருக்குது" என்றேன்.

"அப்படியா? சரி, அப்ப முழு ஃபீஸ் சொல்லிரு" என்றார்.

அப்படிப் பார்க்காதே. ஏன் சொன்னேன் என்று எனக்கும் தெரியவில்லை. உன் கால் என்னுடையதைவிடப் பெரியது, பார், கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் நிற்கிறது. உனக்காக மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். பழையதைச் சுரண்ட வேண்டும். அது காய ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாள் வகுப்பு நிற்கும். அதை எல்லாம் யார் செய்வது?

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசாங்கக் கல்லூரி இருக்கிறது. ஃபீஸ் ரொம்பக் குறைவு. விண்ணப்பம் போட இன்னும் நாள் இருக்கிறது, காலையில்தான் பேப்பரில் பார்த்தேன். அம்மா எடுத்துக்கொண்டு வருகிற ஜெராக்ஸ் அதற்கும் ஆகும். இந்தா, உன் விண்ணப்பம். மூலையில் ஒன்றும் எழுதவில்லை. வெங்காயப் படத்தையும் எடுத்துக்கொள். கேட்டால் காணோம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரலா? ஏப்ரல் வரும்போது பார்க்கலாம். இன்னும் நாள் இருக்கிறது.

எழுந்திரு கண்ணு. மெதுவாக எழு, கால் மரத்திருக்கும். மணி பதினொன்று ஆகப்போகிறது, செகண்ட் இயர் பிள்ளைகள் பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அது என் நாற்காலி.